ஏறக்குறைய என் அளவு

கிளாக்ஸ்விக்கிலிருந்து கால்சோய் தீவுக்கு
இருபது நிமிடக் கடல்.
சீட்டுக் கிழித்து முடித்த பிறகு
மூன்று வரிசை பின்னலாம்.
எதிர்க்காற்று என்றால் நான்கு.

இந்தப் படகில் ஏறுகிற எல்லோர் அளவும்
எனக்குத் தெரியும்.
மீன் ஆலை ஹனுஸுக்கு மார்பு நூற்றுப் பதினெட்டு.
நூற்றுப் பத்து என்பான்.
மறுத்துப் பேசுவதில்லை,
கூட்டிப் பின்னிவிடுவேன்.
மர்யுனுக்கு இடக்கை கொஞ்சம் நீளம்.
முரட்டு நூல் பட்டால்
பாதிரியாருக்குக் கழுத்து தடித்துப்போகும்.
அவராகச் சொல்லவில்லை,
ஒரு ஞாயிறு பிரசங்கம் முழுக்கச் சொறிந்தார்.
இன்னும் பிறக்காத ஒரு தலைக்கும்
உத்தேசமாக ஒரு தொப்பி
சீட்டுப்பையில் இருக்கிறது.

யாரும் கேட்பதில்லை, அதுதான் சிக்கல்.
கேட்டால் மறுக்கலாம்.
"உன் கைதான் சும்மா இருக்காதே" என்பார்கள்.
நூல் பையை மடியில் வைத்துவிட்டுப் போய்
காருக்குள் உட்கார்ந்துகொள்வார்கள்.

எனக்கென்று வாங்கியது
சாம்பல் நிறத்தில் எட்டுக் கண்டு.
வாங்கிய வருடம்
படகுக்குப் புதுச் சாயம் அடித்தார்கள்.
அது இப்போது உரிந்துகொண்டிருக்கிறது.
இரண்டு கண்டு
ஹனுஸின் கிழிந்த முழங்கைகளுக்குப் போயிற்று.
ஒன்று,
கையுறை இல்லாமல் கலங்கரை விளக்கம் பார்க்க வந்த
ஜெர்மன்காரிக்கு.
நன்றி சொல்லி அட்டை அனுப்பினாள்,
படத்தில் எங்கள் படகேதான்.

மிஞ்சியதில் ஒற்றைக் கை மட்டும்
பின்னி முடித்திருந்தேன்.
மாவுக்கட்டோடு எய்துன் வந்து நின்றான்,
எந்தச் சட்டைக்குள்ளும் நுழையாத கை.
அந்தக் கை இந்தக் கைக்குள்
கச்சிதமாகப் போயிற்று.
கட்டுப் பிரித்த பிறகு
அவன் நாய் அதை மாட்டிக்கொண்டு
துறையெல்லாம் திரிகிறது.
கோபம் இல்லையா என்றால்,
நாய்க்கு நன்றாகத்தான் இருக்கிறது.

தனக்கு மிஞ்சித்தான் தானம் என்பவர்கள்
எத்தனை கண்ணி மிஞ்ச வேண்டும் என்று
சொல்வதில்லை.

ஜனவரியில் மூன்று நாள்
படகு ஓடவில்லை.
அலை சுவரேறி வந்து
நிறுத்தியிருந்த கார்களைக் கழுவியது.
அளவு நாடாவை எடுத்து
என்னைச் சுற்றினேன்,
ஐம்பத்து நான்கு வயதில் முதல் முறையாக.
வலத் தோள் தாழ்ந்திருக்கிறது,
பை தொங்குகிற பக்கம்.
இடுப்பு நான் நினைத்திருந்த இடத்தில் இல்லை.
நாடாவை இழுத்து
இரண்டு விரல்கடை குறைத்துப் பிடித்தேன்.
ஹனுஸின் ஞாபகம் வந்தது.
விட்டுவிட்டேன்.
எண்களைத் தாளில் எழுதி
பெயருக்கு மட்டும் இடம் விட்டு வைத்தேன்.

நான்காம் நாள் படகு கிளம்பியதும்
மர்யுன் பக்கத்தில் வந்து
சாம்பலைத் தொட்டுப் பார்த்தாள்.
"யாருக்கு இது?"

எனக்கு என்பது ஒரே ஒரு சொல்.
ஊசியில் நழுவாத கண்ணி
வாயில் நழுவிற்று.
"ஒருத்திக்கு.
ஏறக்குறைய என் அளவு."

"கொடுத்துவைத்தவள்" என்றாள்.
பேரனுக்கென்று கொண்டுவந்த நீல நூலை
என் மடியில் வைத்துவிட்டுப்
போய் உட்கார்ந்துகொண்டாள்.

கொடுத்து, வைத்தவள்.
கொடுத்தது சரி,
துறைமுகத்து நாய்வரைக்கும் சாட்சி உண்டு.
எங்கே வைத்தேன்?

நீல நூல் பையைக் கீழே இறக்கி
பெஞ்சுக்கடியில் தள்ளினேன்,
காலால்.
பேரனுக்குக் குளிருமே என்று ஒரு குரல்.
வசந்தம் வரட்டும் என்று
இன்னொன்று,
எனக்குப் பழக்கமில்லாத குரல்.

அன்று எதிர்க்காற்று.
நான்கு வரிசை முடிந்து
ஐந்தாவதின் பாதியில்
கயிறு வீசக் கூப்பிட்டார்கள்.
இருங்கள், என்றேன்.